தவளையை அறுக்க மாட்டேன்: அமெரிக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து வந்து இங்கே ஒன்பதாவது, பத்தாவதில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பயாலஜி வகுப்பில் வருஷத்தில் ஏதோ ஒரு வாரம் தவளை மேசைக்கு வரும், இல்லையென்றால் பிறக்காத பன்றிக்குட்டி வரும், அனாடமி எடுத்தால் சில பள்ளிகளில் பூனைகூட வரும். அதை அறுக்க மனம் ஒப்பாத பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். ஆனால் பாதிப் பேர் அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு, அப்புறம் லேப் மார்க் போய்விட்டதே என்று உட்கார்ந்திருக்கிறார்கள், மீதிப் பேர் பக்கத்து மேசைக்காரன் அறுப்பதைப் பார்க்காமல் பார்த்து ஒர்க்‌ஷீட்டை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டும் தேவையில்லை. கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறது, பல மாநிலங்களில் அது சட்டமாகவே இருக்கிறது. உங்களுக்கு விலக்கு வாங்குவது முதல் பாதி. அடுத்த வருஷம் வரும் பிள்ளை கெஞ்சிக் கேட்க வேண்டியிராதபடி செய்வது இரண்டாவது பாதி. இரண்டுக்கும் கோஷத்தைவிடக் காகிதம்தான் அதிகம் உதவும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், போராட்டம் என்றதும் பேனர் எழுதக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் ஏமாற்றமடையலாம்.

உங்கள் மாநிலம் எந்த வகை

பள்ளிக்கூடம் இங்கே மாநில விவகாரம், அதனால் நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது. முதலில் இதற்கு வழி செய்தது ஃபுளோரிடா, 1985-ல். ஆனால் ஊரறியச் செய்தது கலிஃபோர்னியாவின் விக்டர்வில் என்ற ஊரைச் சேர்ந்த ஜெனிஃபர் கிரஹாம் என்ற பதினைந்து வயதுப் பெண். 1987-ல் தவளையை அறுக்க மாட்டேன் என்றாள், அதே பாடத்தை வேறு வழியில் படித்துக் காட்டுகிறேன் என்றாள். பள்ளி ஒப்பவில்லை, மார்க்கில் கை வைத்தார்கள், வழக்கு ஃபெடரல் நீதிமன்றம் வரை போனது. அங்கே நீதிபதி ஒரு யோசனை சொன்னார்: இயற்கையாகச் செத்த தவளையைக் கொண்டு அவளுக்குப் பரீட்சை வைக்கலாம் என்று. யாரும் கொல்லாமல், தானாகச் செத்து, அழுகாமலும் கிடைக்கிற தவளைக்கு ஒரு பள்ளிக்கூடம் எங்கே போகும்? அதற்குள் 1988-ல் கலிஃபோர்னியா தனிச் சட்டமே இயற்றிவிட்டது.

வேறு மாநிலத்தில் இருந்தாலும் அந்தச் சட்டத்தை ஒரு தடவை படியுங்கள், ‘கலிஃபோர்னியா எஜுகேஷன் கோட் 32255’ என்று தேடினால் வரும், நீளமும் இல்லை. விலங்கையோ அதன் உறுப்பையோ வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர், மறுக்கும் உரிமை உண்டு என்று மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மாணவரின் மறுப்போடு பெற்றோர் எழுதிய குறிப்பும் இருக்க வேண்டும். மாற்று வேலை அதே அளவு நேரமும் உழைப்பும் கேட்பதாக இருக்கலாம், ஆனால் தண்டனை போல அதைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. மறுத்ததற்காகப் பாரபட்சம் கூடாது. பரீட்சையிலும் விலங்கை அறுக்க வேண்டியிருந்தால் அதற்கும் மாற்றுக் கேட்கலாம். இதில் ஓட்டை ஒன்றும் இருக்கிறது: தகுந்த மாற்று உண்டா என்று முடிவு செய்வது ஆசிரியர்தான், மனம் போன போக்கில் முடிவு செய்யக் கூடாது என்று மட்டுமே சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. இந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியில் 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. வருஷத் தொடக்கத்தில் பள்ளி உங்கள் வீட்டுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அது கிடைத்து இரண்டு வாரத்துக்குள் பெற்றோர் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். செப்டம்பரில் எமர்ஜென்சி கார்டு, போட்டோ எடுக்க அனுமதி, லாப்டாப் ஒப்பந்தம், அலர்ஜி படிவம் என்று வந்து குவியும் காகிதத்தில் இதுவும் ஒரு பத்தியாக ஒளிந்திருக்கும், அப்பாவோ அம்மாவோ எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இப்போதெல்லாம் அதுவும் ஆன்லைன் போர்ட்டலில் வந்துவிடுகிறது, கடகடவென்று டிக் அடித்துக்கொண்டே போகிறோம். படித்துப் பார்த்து டிக் அடியுங்கள்.

பென்சில்வேனியாவில் 1992 சட்டப்படி, அந்தப் பாடம் நடப்பதற்கு மூன்று வாரமாவது முன்னால் பள்ளி தெரிவிக்க வேண்டும், தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். நியூ யார்க்கில் மத அல்லது அறநெறிக் காரணத்தைச் சொல்லிப் பெற்றோர் எழுதித் தர வேண்டும். வர்ஜீனியாவில் 2004-லிருந்து இருக்கிறது. டெக்சாஸில் மாநிலச் சட்டம் இல்லை, அங்கே உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கொள்கைப் புத்தகத்தில் ‘டிசெக்ஷன்’ (இப்படி அறுத்துப் பார்ப்பதற்கு ஆங்கிலப் பெயர்) என்று தேடிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கலங்க வேண்டாம், சட்டம் இல்லாத இடத்தில் டீச்சருக்கு அனுமதி கொடுக்கத் தடையும் இல்லை. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள்.

எதை மறுக்கிறீர்கள் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே டீச்சரிடம் போகிறவர்கள் முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறார்கள்.

மேசைக்கு வருகிற எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. தவளைகளில் பெரும்பகுதி குளம் குட்டைகளில் பிடிக்கப்படுபவை. பன்றிக்குட்டி, கசாப்புக் கூடத்தில் சினையாக இருந்த பன்றியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது, தொப்புள்கொடியின் கட்டை அப்படியே இருக்கும், கண் திறந்திருக்காது. மாட்டுக் கண், ஆட்டு மூளை எல்லாம் இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போக இருந்தவை. சிறு சுறா, மீன்பிடி வலையிலிருந்து வருவது. இன்னொரு பக்கம், ஆந்தை கக்கிய உருண்டையைப் பிரித்து உள்ளே இருக்கும் எலி எலும்பைப் பொறுக்கி அடுக்கும் பாடம் ஒன்று ஆறாவது, ஏழாவதிலேயே வந்துவிடும், அதில் இந்தப் பாடத்துக்காக யாரும் எதையும் கொல்வதில்லை.

இதில் உங்கள் கோடு எங்கே? சிலருக்கு எதையும் தொட மனமில்லை. சிலருக்கு இந்தப் பாடத்துக்கென்றே பிடித்துக் கொன்றதுதான் உறுத்தல், மாட்டுக் கண் பரவாயில்லை. இரண்டுமே ஏற்கத்தக்க நிலைப்பாடுதான், ஆனால் எது உங்களுடையது என்று ஒரு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். ஏனென்றால் “நீ சிக்கன் சாப்பிடுவாய்தானே?” என்ற கேள்வி வந்தே தீரும், டீச்சர் கேட்காவிட்டாலும் பக்கத்து சீட்டுப் பையன் கேட்பான். சாப்பிடுகிறவர் என்றால் மறைக்க வேண்டாம். “சாப்பிடுகிறேன், ஆனால் படத்திலும் மாதிரியிலும் கற்றுக்கொள்ள முடிகிற ஒன்றுக்காக ஓர் உயிரைக் கொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை” என்று சொன்னால் போதும். அசைவம் சாப்பிடும் பிள்ளைகள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த உரிமை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வாடை பிடிக்கவில்லை, அருவருப்பாக இருக்கிறது என்பதை முதல் காரணமாகச் சொல்லாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் சரி. “பழகிவிடும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆஸ்துமா போல உடல் காரணம் இருந்தால் அது வேறு விஷயம், அதை டாக்டர் சீட்டோடு தனியாகச் சொல்லலாம். பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. ஆனால் பள்ளிக்கு வரும்போது அந்தத் திரவத்தைக் கழுவி வேறு திரவத்துக்கு மாற்றித்தான் அனுப்புகிறோம் என்று விற்பனை நிறுவனங்கள் சொல்வதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள், இல்லாவிட்டால் கெமிஸ்ட்ரி தெரிந்த ஒரு டீச்சர் உங்களை ஒரு நிமிஷத்தில் உட்கார வைத்துவிடுவார்.

எப்போது கேட்பது

ஆகஸ்ட், செப்டம்பரில் சிலபஸ் கைக்கு வந்ததும். டிசெக்ஷன் பெரும்பாலும் வசந்தகாலத்தில்தான் வரும், ஆனால் அதற்கான ஆர்டர் பல மாதம் முன்னாலேயே போய்விடும். இத்தனை மேசை, மேசைக்கு ஒரு தவளை என்று கணக்குப் போட்டு அறிவியல் துறையில் ஒருவர் வாங்குகிறார். நீங்கள் முன்கூட்டியே சொன்னால் அந்தக் கணக்கில் குறைய வாய்ப்பு இருக்கிறது. முந்தின நாள் சொன்னால் உங்களுக்கான தவளை ஏற்கெனவே பிளாஸ்டிக் பையில் காற்று உறிஞ்சி ஒட்டப்பட்டு அலமாரியில் இருக்கும், ரத்தக்குழாய்களில் சிவப்பும் நீலமுமாக ரப்பர் பால் ஏற்றி. டீச்சருக்கும் கடைசி நேரத்தில் மாற்று ஏற்பாடு செய்யச் சங்கடம், அந்தச் சங்கடம் உங்கள் மேல் எரிச்சலாகத் திரும்பும்.

வருஷ நடுவில் வந்து சேர்ந்தவர்களா? முதல் வாரத்திலேயே “இந்த வருஷம் டிசெக்ஷன் உண்டா, எப்போது?” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்ற ஊர்ப் பயத்தை இங்கே கொஞ்சம் ஓரம் வைக்கலாம்.

கடிதம்

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். டீச்சர் நல்லவராகவே இருப்பார், “ஓ, ஷ்யூர்” என்பார், நான்கு மாதம் கழித்து நூற்றைம்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? மின்னஞ்சலாக அனுப்புங்கள், பெற்றோரையும் அதில் சேருங்கள், பள்ளிக் கவுன்சிலருக்கு (மாணவர்களுக்கு வழிகாட்டப் பள்ளியில் இருப்பவர்) ஒரு நகல் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் இவ்வளவுதான்:

“மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, உங்கள் பயாலஜி வகுப்பு, இன்ன பீரியட் மாணவர் நான். இந்த வருஷம் தவளை டிசெக்ஷன் இருப்பதாகச் சிலபஸில் பார்த்தேன். விலங்குகளைப் பாடத்துக்காகக் கொல்வதில் எனக்கு அறநெறி சார்ந்த மறுப்பு இருப்பதால் அதில் பங்கேற்க இயலாது. அந்தப் பாடத்தின் உறுப்புகள், மண்டலங்கள் எல்லாவற்றையும் படித்து, மற்றவர்களைப் போலவே தேர்வு எழுத விரும்புகிறேன். அதற்கு இந்த மாற்றைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறேன். எங்கள் மாநிலத்தில் இதற்கு இந்தச் சட்டம் இடமளிக்கிறது. தேர்வும் மாதிரியிலோ படத்திலோ இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தில் வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.”

கீழே அப்பாவோ அம்மாவோ இரண்டு வரி: இந்த மறுப்பை நாங்கள் அறிவோம், ஆதரிக்கிறோம். அவ்வளவு போதும். டீச்சர் செய்வது கொலை என்ற தொனி எங்கேயும் வரக் கூடாது. சட்டம் இல்லாத மாநிலத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

மாற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்

மேலே சொன்ன ஓட்டையை அடைப்பது இங்கேதான். “வேறு ஏதாவது கொடுங்கள்” என்று நின்றால், எதைக் கொடுப்பது என்று யோசிக்கிற வேலை டீச்சர் தலையில் விழும், அவர் கையில் அகப்பட்டதைக் கொடுப்பார். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பத்தாவது, மதுரையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாற்று என்று அவனுக்குக் கிடைத்தது தவளையைப் பற்றிப் பதினைந்து பக்கக் கட்டுரை. மற்றவர்களுக்கு இரண்டு பீரியட் வேலை, இவனுக்கு இரண்டு வாரம் ராத்திரி. அவன் சண்டை போடவில்லை, தண்டனையாகக் கடினமாக்கக் கூடாது என்ற வரியை அடிக்கோடிட்டு, கூடவே ஒரு மென்பொருள் பாடத்தின் பெயரையும் அதன் ஒர்க்‌ஷீட்டையும் இணைத்து, “இதைச் செய்யட்டுமா?” என்று கேட்டான். அன்றைக்கே சரி என்றார்கள்.

என்னென்ன இருக்கிறது? ஃப்ரோகிபீடியா என்று ஐபேட் செயலி ஒன்று, அகமதாபாத் டிசைன்மேட் நிறுவனம் செய்தது, 2018-ல் ஆப்பிள் அதை அந்த வருஷத்தின் சிறந்த ஐபேட் செயலியாகத் தேர்ந்தெடுத்தது. தலைப்பிரட்டையிலிருந்து தவளை வரை காட்டும், ஒவ்வொரு மண்டலமாகப் பிரித்துப் பார்க்கலாம். கனடாவில் செய்த டிஜிட்டல் ஃப்ராக் பழைய மென்பொருள், பல பள்ளிகளுக்குப் பழக்கமானது. அனிமல்லேர்ன் என்ற அமைப்பின் சயின்ஸ் பேங்க் மாதிரிகளையும் மென்பொருளையும் பள்ளிகளுக்கு இரவல் தருகிறது, காசு இல்லை என்று சொல்லும் பள்ளிக்கு இது நல்ல பதில். கையால் தொட்டு அறுத்துப் பார்த்தால்தான் பாடம் என்று நினைக்கும் டீச்சருக்கு செயற்கைத் தவளை பற்றிச் சொல்லுங்கள்: ஃபுளோரிடாவில் நியூ போர்ட் ரிச்சி என்ற ஊரின் மிட்செல் உயர்நிலைப் பள்ளியில் 2019 நவம்பரில் சின்டேவர் நிறுவனத்தின் சின்ஃப்ராக்கை வகுப்பில் அறுத்தார்கள், ஈரமான தோல், உள்ளே முட்டை உட்பட எல்லா உறுப்பும் செயற்கை. விலை அப்போது ஒன்று 150 டாலர், அதனால் உங்கள் ஒருவருக்காக அதை வாங்கித் தரச் சொல்வது நடக்காது. துறையே மாற வேண்டும் என்று பேசும்போது எடுக்க வேண்டிய பெயர் அது.

டீச்சர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டு பேசுவதுதான் நல்லது. நிஜ உடலில் உறுப்புகள் புத்தகப் படம் போல வண்ணம் பிரித்து உட்கார்ந்திருக்காது. பெண் தவளையைத் திறந்தால் முதலில் தெரிவது கறுப்புக் கறுப்பாக முட்டைக் கூட்டம்தான், அதை அள்ளி வெளியே வைத்தால்தான் குடலே கண்ணில் படும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. திரையில் இது வராது. மாற்று வழியில் படித்தவர்கள் மார்க்கில் பின்தங்குவதில்லை என்று காட்டும் ஆய்வுகள் நிறைய உண்டு, நிஜ உடலில் படித்ததே மேல் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. அறிவியல் ஆசிரியர்களின் தேசியச் சங்கம்கூட டிசெக்ஷனை ஆதரித்துக்கொண்டேதான், மறுக்கும் மாணவருக்கு மாற்றுத் தர வேண்டும் என்கிறது. அந்தச் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை இணையத்தில் இருக்கிறது, அச்செடுத்துக்கொண்டு போங்கள். விலங்குநல அமைப்பின் துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் புருவத்தைச் சுருக்கும் டீச்சர், தன் சொந்தச் சங்கத்தின் காகிதத்தைத் தள்ளிவிட முடியாது.

லேப் டெஸ்ட்டை மறந்துவிடாதீர்கள்

நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. டிசெக்ஷன் அன்று லைப்ரரிக்கு அனுப்பிவிடுவார்கள், நீங்களும் நிம்மதியாக லாப்டாப்பில் படித்துவிட்டு வருவீர்கள். அடுத்த வாரம் லேப் டெஸ்ட் என்று உள்ளே போனால், மெழுகுத் தட்டில் அறுத்துப் பரப்பிய தவளை, ஒவ்வொரு உறுப்பிலும் எண் ஒட்டிய ஊசி, ஒரு தட்டுக்கு ஒரு நிமிஷம், மணி அடித்ததும் அடுத்த தட்டு. அறுக்காமல் தப்பித்தவர் அறுத்ததன் மேல் தேர்வு எழுத வேண்டும், அதுவும் இதுவரை கண்ணால் பார்க்காத உடலில். மார்க் போவது நிச்சயம், போனதும் “பார்த்தாயா, அறுக்காமல் கற்க முடியாது” என்பார்கள்.

அதனால்தான் கடிதத்தில் அந்தத் தேர்வு வரியைச் சேர்த்தேன். டிசெக்ஷனுக்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு தடவை நினைவூட்டி, தேர்வு எதில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மாதிரியில் வைக்கலாம், படத்தில் எண் போட்டு வைக்கலாம். கேள்விகளின் எண்ணிக்கையும் நேரமும் மற்றவர்களுக்கு இருப்பதே இருக்கட்டும், குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அப்பா அம்மாவைச் சமாளிப்பது

சட்டங்கள் பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்தைக் கேட்பதால் வீட்டில் முதலில் ஜெயிக்க வேண்டும். “நாங்கள் எல்லாம் தவளை அறுத்துத்தானே ப்ளஸ் டூ பாஸ் பண்ணினோம்” என்று தொடங்கும். உண்மைதான், கிளாஸ் ஜாடியிலிருந்து எடுத்து மெழுகுத் தட்டில் நான்கு காலையும் குத்தி, ரிக்கார்டு நோட்டில் பென்சிலால் படம் வரைந்து கையெழுத்து வாங்கிய தலைமுறை அது. அந்த ஊரிலேயே இப்போது நிலைமை மாறிவிட்டது என்று சொல்லுங்கள். விலங்கியல் பட்டப் படிப்புகளில் அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி 2011-ல் வழிகாட்டிய பல்கலைக்கழக மானியக் குழு, 2014-ல் முழுதாகவே நிறுத்தச் சொல்லிவிட்டது. அதற்காக உழைத்தவர்களில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அக்பர்ஷா முக்கியமானவர், விலங்குக்கு மாற்றான முறைகளுக்கென்றே அங்கே மகாத்மா காந்தி பெயரில் ஒரு மையம் இயங்கியது. விலங்கியல் வாத்தியார்களே முன்னின்று செய்த மாற்றம் இது.

அடுத்த கேள்வி, எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “டாக்டருக்குப் படிக்க முடியாமல் போய்விடுமா?” போகாது. ஏபி பயாலஜியில் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) டிசெக்ஷன் கட்டாயம் இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் பயிற்சிக்கு உயிருள்ள விலங்கைப் பயன்படுத்தி வந்த கடைசிக் கல்லூரியும் 2016-ல் நிறுத்திவிட்டது. அங்கே அனாடமிக்கு அறுப்பது மனித உடலை, அதுவும் பெரும்பாலும் உயிரோடு இருந்தபோது சம்மதித்துத் தானமாகக் கொடுத்தவர்களின் உடலை. மாற்றுப் பாடம் செய்தவர் என்று மார்க் ஷீட்டில் எங்கேயும் வராது, வந்தால் கேள்வி கேளுங்கள், ஜெனிஃபர் கிரஹாம் வழக்கில் அதுவும் ஒரு சண்டை.

டீச்சரோடு மோதினால் காலேஜுக்கு ரெகமண்டேஷன் லெட்டர் கிடைக்காதே என்பதும் வரும். தன்மையாக, முன்கூட்டியே, ஏற்பாட்டோடு வந்து கேட்ட பிள்ளையை டீச்சர்களுக்குப் பிடித்துத்தான் போகிறது. அப்படிப் பிடிக்காத ஒருவர் என்றால் லெட்டரை வேறு டீச்சரிடம் வாங்குங்கள், பயாலஜி ஒன்றுதானா பாடம்.

முடியாது என்று சொல்லிவிட்டால்

படிப்படியாக மேலே போங்கள், ஒரு படியையும் தாண்ட வேண்டாம்: டீச்சர், அறிவியல் துறைத் தலைவர், கவுன்சிலர், பிரின்ஸிபால், அப்புறம்தான் சூப்பரின்டென்டென்ட் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரி) அலுவலகம். ஒவ்வொரு படியிலும் முந்தைய மின்னஞ்சல் தொடரையே ஃபார்வர்டு செய்யுங்கள், புதிதாகக் கதை எழுத வேண்டாம். நேரில் பேசினால் வீட்டுக்கு வந்ததும் “இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது” என்று நான்கு வரி அனுப்பிவிடுங்கள். சட்டம் இருக்கும் மாநிலம் என்றால் பெரும்பாலும் துறைத் தலைவரோடு விஷயம் முடிந்துவிடும், பல டீச்சர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. டீச்சருக்குத் தெரியாமல் வகுப்பில் ரிக்கார்டு செய்வது மட்டும் வேண்டாம், சில மாநிலங்களில் அது குற்றம், எல்லாப் பள்ளியிலும் அதுவே உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் காரணமாகிவிடும்.

இனி மற்றவர்களுக்காக

உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதோடு நின்றாலும் தவறில்லை. மேலே போக நினைத்தால் முதல் இலக்கு தடை அல்ல, சிலபஸில் ஒரு வரி: “டிசெக்ஷனுக்கு மாற்றுப் பாடம் உண்டு, விரும்புகிறவர்கள் இந்தத் தேதிக்குள் இந்தப் படிவத்தைத் தரவும்.” அந்த ஒரு வரி இருந்தால் கூச்சத்தால் வாய் திறக்காத பிள்ளைகூட டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். டிசெக்ஷனையே ஒழிக்க வேண்டும் என்று தொடங்கினால் துறையில் எல்லாரும் உங்களுக்கு எதிராக ஒன்று சேர்ந்துவிடுவார்கள். மாற்றைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் வகுப்பில் பாதியானால் எதற்கு இத்தனை தவளை வாங்குகிறோம் என்று அவர்களே யோசிப்பார்கள்.

கையெழுத்து வேட்டைக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கெடுப்பு எடுங்கள். கேள்வி “டிசெக்ஷனைத் தடை செய்யலாமா?” என்று இருக்கக் கூடாது, “அதே மார்க்குக்கு மாற்று இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?” என்று இருக்க வேண்டும். டீச்சரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுத்தால் அவரே முடிவைப் பார்க்க ஆர்வமாக இருப்பார்.

பள்ளியில் கிளப் தொடங்கலாம். அரசுப் பள்ளிதான் என்றால், பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு கிளப்பையாவது அனுமதிக்கும் உயர்நிலைப் பள்ளி, கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக இன்னொன்றை மறுக்கக் கூடாது, 1984-ன் ஈக்வல் ஆக்சஸ் சட்டம் அப்படிச் சொல்கிறது. பேட்ஜ் குத்திக்கொள்ளலாம், மதிய உணவு நேரத்தில் துண்டுக் காகிதம் கொடுக்கலாம். வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டை கட்டி வந்ததற்காக டெ மொய்ன் நகரில் சஸ்பெண்ட் ஆன பிள்ளைகளின் வழக்கில், மாணவரின் பேச்சுரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடாது என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதில் மேரி பெத் டிங்கருக்குப் பதின்மூன்று வயது. பாடம் நடப்பதைக் குலைக்காதவரைதான் அந்த உரிமை, இடம், நேரம் பற்றிய பள்ளி விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளியில் இந்த இரண்டும் உங்களுக்குத் துணை வராது.

செய்யக் கூடாதவை: லேப் அலமாரியிலிருந்து தவளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது (திருட்டு, வேறு பெயர் இல்லை), ரத்தம் தெரியும் படத்தைக் காரிடாரில் ஒட்டுவது, அறுக்கிற வகுப்புத் தோழியைக் கொலைகாரி என்பது. அறுக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் உங்களைப் போலவே உள்ளூர நெளிந்துகொண்டிருப்பவர்கள், அவர்கள்தான் உங்கள் அடுத்த கையெழுத்து.

துறையோடு பேசி முடியாவிட்டால் ஸ்கூல் போர்டு, டிஸ்ட்ரிக்டின் கொள்கையை முடிவு செய்யும் குழு. கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு, பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம், முன்பதிவு தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் போய் ஒரே விஷயத்தைச் சொல்லாமல் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தன் அனுபவம், ஒருவர் பக்கத்து மாநிலச் சட்டம், ஒருவர் செலவு. செலவு பேசுகிறவர், தவளை ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்க வேண்டியது, மாதிரியும் மென்பொருளும் வருஷக்கணக்கில் வரும் என்பதை உங்கள் பள்ளியின் வாங்கல் கணக்கை வைத்தே சொல்லட்டும், அந்தக் கணக்கைத் துறையிடமே கேட்டு வாங்கலாம். கொள்கையின் வாசகத்தை நீங்களே எழுதி அச்செடுத்துக் கொடுங்கள், போர்டு உறுப்பினர்கள் மாலை முழுக்கப் புகார் கேட்டுக் களைத்திருப்பார்கள், அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடிய ஒரு பத்தி கையில் கிடைத்தால் மதிப்பார்கள். ஒன்று கவனம்: அங்கே பேசுகிறவர் பெயர் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறும், பல ஊர்களில் வீடியோவும் இணையத்தில் வரும். பெயர் வெளியே வருவதைப் பெற்றோர் விரும்பாவிட்டால் அதற்கு மதிப்புக் கொடுங்கள், மேடையில் இன்னொரு தோழி பேசட்டும், நீங்கள் காகிதத்தைத் தயார் செய்யுங்கள்.

பன்னிரண்டாவது முடித்துக் கிளம்பும்போது அனுப்பிய கடிதங்கள், வந்த பதில்கள், பயன்படுத்திய ஒர்க்‌ஷீட், மாற்றுத் தேர்வின் கேள்விகள், கணக்கெடுப்பு முடிவு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஒன்பதாவதில் இருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், மற்ற மாணவர்களின் பெயர்களை அழித்துவிட்டு. பயாலஜிக்குப் புது டீச்சர் வரும் வருஷத்தில் செப்டம்பர் முதல் வாரமே அவருக்கு அதன் நகல் போய்ச் சேர வேண்டும், சிலபஸில் அந்த வரி காணாமல் போவது பெரும்பாலும் ஆள் மாறும்போதுதான்.